சின்னஞ்சிறு சுண்டெலியின் பழங்குடும்பம்

ஸ்பெயின் முதல் ஜப்பான் வரை புல்வெளிகளிலும் தானிய வயல்களிலும் வாழ்கிறது அறுவடைச் சுண்டெலி. இதன் எடை ஏறத்தாழ 6 கிராம்தான். தாள்களைப் பற்றி ஏறும்போது வாலே இதற்கு ஐந்தாவது காலாகும். புல்லைக் கிழித்துப் பந்து போன்ற கூடும் பின்னும்.

1771-இல் பல்லாஸ் என்னும் அறிஞர் இதனை மற்றச் சுண்டெலிகளுடன் ‘மஸ்’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். 1841-இல் இது ‘மைக்ரோமிஸ்’ என்ற தனிப் பேரினம் ஆயிற்று. ‘சிறிய எலி’ என்பது அதன் பொருள். இப்பேரினத்தில் இன்று வாழ்வது ஒரே சிற்றினம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2009-இல் வெளியான மரபணு ஆய்வு, வியட்நாமில் வாழ்வது வேறொரு சிற்றினம் என்று காட்டியது.

இதன் மூதாதையரை அறிவது எப்படி? இத்துணைச் சிறிய எலும்புகள் எளிதில் நொறுங்கிவிடும். பற்களோ எனாமலின் உறுதியால் நிலைத்திருக்கும். ஆய்வாளர்கள் மண்ணை நீரில் கழுவிச் சலித்து, 2 மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத கடைவாய்ப் பற்களைப் பொறுக்கி எடுக்கின்றனர். பல்லின் மேலுள்ள மேடுகளின் அமைப்பே இனத்தைக் காட்டிக்கொடுக்கும். இவ்வாறு ஐரோப்பாவிலும் சீனாவிலும் பல சிற்றினங்கள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சில, சுமார் 50 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஒன்றின் பெயர் ‘பிரேமினூட்டஸ்’, அதாவது ‘மினூட்டசுக்கு முந்தியது’. மினூட்டஸ் என்பது நம் அறுவடைச் சுண்டெலியே.

அந்தப் பழைய உறவினர் அனைவரும் மறைந்துவிட்டனர். எஞ்சியிருப்பவை இரண்டே சிற்றினங்கள். மாணவியரே, கதிர்த்தாளில் தொங்கும் அச்சிறு உயிர் ஒரு பெரிய குடும்பத்தின் கடைசி வாரிசுகளுள் ஒன்று.