ஏரிச் சேற்றில் மனிதனின் சுவடு

கனடா தேசத்து ஒண்டாரியோ மாகாணத்தில், 2.4 ஹெக்டேர் பரப்பே கொண்ட கிராஃபோர்ட் ஏரி என்னும் சிறு நீர்நிலையைக் குறித்துப் பல தேசத்துப் பூகர்ப்ப சாஸ்திரிகள் பெரிய விவாதம் நடத்தியதற்குக் காரணம், அதன் அடியில் கிடக்கும் சேறுதான். பரப்புச் சிறிதாயும் ஆழம் சுமார் 24 மீட்டராயும் இருப்பதால் அங்கே மேல்நீரும் அடிநீரும் முழுவதும் கலப்பதில்லை. கோடையில் வெண்மையான கால்சைட் துகள்களும், ஏனைய பருவங்களில் கரிய தாவரக் கழிவும் மாறி மாறி இறங்கி, கலைப்பாரின்றி, வருஷத்துக்கு ஒரு ஜோடி வரியாகப் பல நூற்றாண்டுகளின் கணக்கைப் பாதுகாத்து வைத்திருக்கின்றன.

அந்தக் கணக்கை எந்தவொரு சாஸ்திரமும் தனித்து வாசித்துவிட முடியாது. தாவர ஆராய்ச்சியாளர் அச்சேற்றில் மக்காச்சோள மகரந்தத்தைக் கண்டார்கள். காட்டு ஏரிக்கு அது எவ்வாறு வந்தது என்று தொல்பொருள் ஆராய்ச்சியாளர் தேடப் புகுந்தபோது, கொலம்பஸின் வருகைக்கு முன்பே இரோக்குவோய என்னும் பூர்வகுடி மக்கள் பயிரிட்டு வாழ்ந்த கிராமமொன்று அருகிலேயே வெளிப்பட்டது. மேலடுக்குகளிலோ ஆலைகளின் கரித்துகள்கள். 1950-களின் வரிகளிலோ, எங்கோ தொலைவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டுகளின் புளூட்டோனியம்! ஒரு துறையார் விட்ட இடத்திலிருந்து மற்றொரு துறையார் தொடர்ந்த இந்தக் கூட்டுழைப்பை நான் மிகவும் போற்றுகிறேன்.

முதலில் சொன்ன விவாதம் தொடங்கியது இவ்வாறு: ஓசோன் ஆராய்ச்சிக்காக 1995-இல் நோபல் பரிசு பெற்ற பால் க்ரூட்ஸன், நாம் வாழ்வது 11,700 வருஷங்களுக்கு முன் தொடங்கிய ஹோலோசீன் யுகமன்று, மனிதனால் ஆன ஆந்த்ரோபோசீன் யுகம் என்று 2000-இல் அறிவித்தார். இதைப் பரிசீலிக்க 2009-இல் அமைந்த குழுவில் பூகர்ப்ப சாஸ்திரிகளோடு சரித்திர ஆசிரியர்களும் சட்ட அறிஞரும் இடம்பெற்றனர்; 2023-இல் அக்குழு, 1950-களின் புளூட்டோனிய வரிகளைக் கொண்டு, புதிய யுகத்தின் தொடக்கத்துக்கு ஆதாரமாகக் கிராஃபோர்ட் ஏரியைத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் மறுவருஷம் மார்ச்சில், அக்குழுவுக்கு மேலான பூகர்ப்ப சாஸ்திரிகளின் சபை நடத்திய வாக்கெடுப்பில் ஆதரவாக 4, எதிராக 12 என்று பிரேரணை தோற்றது. காடழிப்பும் உழவும் பல்லாயிரம் வருஷத்து விஷயங்களாயிருக்க, யுகத்தை 1950-களில் தொடங்குவது பொருந்தாது என்பது எதிர்த்தவர்களுள் பலரின் வாதம். அதில் நியாயம் உண்டென்றே எனக்குத் தோன்றுகிறது. மக்காச்சோள மகரந்தமும் அந்த வாதத்துக்குச் சாட்சியல்லவா?

ஆனால் இந்த வாக்கெடுப்பைக் காட்டி, மனிதன் பூமியை மாற்றவேயில்லை என்று எவரேனும் சொன்னால் வாசகர்கள் அதை ஏற்கவேண்டாம். நிராகரிக்கப்பட்டது ஓர் எல்லைக்கோடு மட்டுமே. எதிர்த்து வாக்களித்தவர்களும் மனிதன் செய்த மாற்றத்தை மறுக்கவில்லை.