கன்றுக்கு ஏற்ற மண்

இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட 2021ஆம் ஆண்டிலே, யாழ்ப்பாணத்து இல்லங்களிற் சேதனப் பசளையைப் பற்றிய பேச்சே மிகுந்திருந்தது. பாட்டனார் வைத்த கறுத்தக்கொழும்பான் மாமரத்திற்கு மூப்பு வந்தமையால், அதன் சிறுகிளைகளை ஒட்டுவதற்கென நாமும் பைகளில் மாங்கொட்டைகளை ஊன்றினோம். செழித்து வளரட்டுமென்று பச்சைச் சாணத்தை மிகுதியாக இட்டோம். முளைத்த கன்றுகள் யாவும் கருகின!

பிழை சாணத்தினதன்று, நம்முடையதே. உக்காத சாணம் வெம்மையையும் அமோனியாவையும் வெளிவிட்டு இளவேரைச் சுடும். நம் செம்மண்ணை மட்டும் நிரப்பினாலோ, அது நீர்பட்டு இறுகி வேருக்குக் காற்றைத் தடுத்துவிடும். உணவு, நீர், காற்று ஆகிய மூன்றும் வேருக்கு ஒருங்கே வேண்டும்.

அன்பர்களே, மேல்மண், மணல், நன்கு உக்கிய கூட்டெரு ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்திடுக. ஈரம் நிலைத்திருக்கச் சிறிது தும்புச்சோறும் சேர்க்கலாம். அதில் உப்பிருக்கக் கூடுமாதலால் முன்னரே நன்னீரில் அலசுதல் நன்று. கூட்டெரு கறுத்து, உதிரியாகி, மண்வாசனை வீசினாற் பதமாயிற்று என்றறிக. பையின் அடியில் துளைகளிடவும் மறவற்க.

மறு ஆண்டு இவ்வாறே செய்தோம். கன்றுகள் தழைத்தன, பாட்டனாரின் மரமும் அவற்றிலே பிழைத்தது.