தோட்ட வாரியமும் இளவேனிற் பணிகளும்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் சித்திரையும் வைகாசியும் இளவேனில். குளிர்நாடுகளில் இளவேனில் என்பது பனி உருகிப் புல் துளிர்க்கும் காலம். நம் உத்திரமேரூர்ப் பகுதியிலோ, வடகிழக்குப் பருவமழையில் நிறைந்த ஏரி வற்றி, கிணற்று நீர் கீழிறங்கும் காலம். ஆகவே, இளவேனில் தோட்டப் பணி நமக்கு வளர்க்கும் பணி என்பதைவிடக் காக்கும் பணி என்பதே பொருந்தும்.

கல் சொல்லும் செய்தி

இவ்வூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. குடவோலை முறைக்காக அவற்றைப் போற்றும் நாம், அவ்வோலையால் யாரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதை அத்துணை நோக்குவதில்லை. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்த 30 பேருள் 12 பேர் சம்வத்சர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். பணிக்காலம் 360 நாள். தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் முன்பு செய்தவர்களே சம்வத்சர வாரியத்திற்கு உரியவராகக் கொள்ளப்பட்டனர். கல்வியிலும் வயதிலும் மூத்தோரும் அதற்கு உரியர். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெற இயலாது. தோட்டத்தைப் பேணியமை ஊராளும் தகுதியாக எண்ணப்பட்டமை நினையத்தக்கது.

அச்சபை அந்தணர் ஊரின் சபை. நிலமும் வேதக் கல்வியும் உடையோர்க்கே அதில் இடமிருந்தது. மண்ணில் உழைத்தோர்க்கு இடமில்லை. ஆகவே, நாம் கொள்ள வேண்டியது அதன் ஒழுங்குமுறையையேயன்றி விலக்குகளையன்று.

பருவப் பணிகள்

கல்வெட்டு தேர்வு முறையைக் கூறுகிறது. பணிமுறையை இவ்வூர் உழவரிடம் கேட்டறியலாம். கோடைமழை ஒன்றிரண்டு பெய்தவுடன் நிலத்தை உழுதிடல் வேண்டும். புரண்ட மண்ணில் பூச்சிகளின் கூட்டுப்புழுக்களும் களைவேர்களும் வெயிலுக்கும் பறவைகட்கும் இரையாகும். அடுத்த மழைநீரும் உள்ளிறங்கும்.

தென்னையைச் சுற்றி 6 அடி ஆரத்தில் வட்டப்பாத்தி அமைத்து, உரித்த மட்டைகளை முதுகுப்புறம் மேல்நோக்கியிருக்குமாறு பரப்பினால் ஈரம் காக்கப்படும். மாவிற்குக் காய் பறித்த பின்னரே கவாத்துச் செய்தல் நன்று. முற்றத்துப் புல்லை ஒட்ட வெட்டலாகாது. சற்றே உயரமாக விட்டால் அதன் நிழலே வேரைக் காக்கும். நீரை அதிகாலையிலோ மாலையிலோ பாய்ச்சுதல் வேண்டும். மாங்கன்றுக்கு 3 அடி ஆழக் குழியை இப்போதே எடுத்து வெயிலில் ஆறவிட்டால், மழைக்காலத்தில் நட ஏதுவாகும்.

வற்றிய ஏரியின் வண்டலைத் தோட்டத்திலிடுதல் தொன்றுதொட்ட வழக்கம். மணற்பாங்கான நிலத்திற்கு அது ஈரம் பிடிக்கும் ஆற்றலைத் தரும். ஏரிக்கும் ஆழம் மிகும். தோட்டமும் ஏரியும் ஒன்றையொன்று பேணும் திறம் இதுவே. இவ்வண்டலை உழவர் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என 2024இல் விதி எளிதாக்கப்பட்டது.

நம் கடமை

யான் அறிந்த ஒரு கல்விக்கூடத்தில் ஆண்டுதோறும் மரம் நடுவிழா சிறப்புற நிகழும். சித்திரையில் தேர்வு முடியும், விடுமுறை தொடங்கும், நீர் ஊற்றுவார் இரார். ஆனியில் மாணவர் திரும்புகையில் கன்றுகள் சருகாய் நிற்கும். மறு ஆண்டும் அதே குழியில் புதிய கன்று நடப்படும். அங்குக் குறைவது ஆர்வமன்று, பொறுப்பே.

விடுமுறையிலும் ஊரிலிருக்கும் மாணவ மாணவியர் 12 பேரைக் குடவோலையிட்டுத் தேர்ந்து, கோடையை உள்ளிட்ட 360 நாளும் தோட்டத்தை அவரிடம் ஒப்படைத்தால் என்ன? நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை என ஆண்டிறுதியில் கணக்கும் கேட்போம். ஆயிரம் ஆண்டுகட்கு முன் இவ்வூர் அறிந்திருந்த முறையை நம் கல்விக்கூடங்களில் மீண்டும் நடைமுறைப்படுத்துவோமாக.