தலைப்பிரசவமும் தசை நீவலும்

மானிப்பாயில் வைத்தியப்பணி புரிந்த சாமுவேல் கிரீன், 1857 இல் பிரசவ வைத்திய நூலொன்றைத் தமிழிலே வெளியிட்டார். தாய்மொழியில் வரும் அறிவு அச்சத்தைத் தணிக்கும். தலைப்பிரசவத்தில் பெண்கள் பெரிதும் அஞ்சுவது, பிறப்புவாயின் கீழ்த்தசை கிழிவதற்கும் அதனை வெட்டித் தையலிடுவதற்குமே.

இதற்கு எளிய வழியொன்று உண்டு. கர்ப்பத்தின் 35 ஆம் வாரமளவில் தொடங்கி, வாரம் ஓரிரு முறை, நகம் வெட்டிக் கழுவிய பெருவிரல்களில் தூய எண்ணெய் பூசி, அத்தசையை உட்புறமிருந்து கீழும் பக்கங்களிலும் மெல்ல அழுத்தி நீவுதல் வேண்டும். தசை நெகிழப் பழகும். 2013 இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, ஏறத்தாழ 15 பெண்கள் நீவினால் ஒருவர் தையலினின்று தப்புகின்றார். பிரசவ நேரமோ இதனாற் குறைவதில்லை.

இரத்தப்போக்கோ தொற்றோ உள்ளவர் இதனைத் தவிர்த்தல் வேண்டும். ஏனையோரும் மருத்துவமாதின் ஆலோசனை பெற்றே தொடங்குதல் நன்று.