உதைபந்தாட்டமும் ஊர் காண் பயணமும்

மாத்தளை மாவட்டத்திலே உதைபந்தாட்டம் ஆடும் இளைஞர்களுள் பெரும்பாலோர் அவ்வாட்டத்தினால் ஒரு சதமேனும் சம்பாதிப்பவரல்லர். வார நாட்களில் ஒருவர் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் நிறுவையருகே நிற்பார். மற்றொருவர் நகரத்துக் கடையொன்றில் கணக்கெழுதுவார். வேறொருவர் பள்ளிக்கூடத்திலே பாடஞ் சொல்லிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் மூவரும் ஒரே நிறச் சட்டை அணிந்து மைதானத்தில் இறங்கிவிடுவர். பந்து வாங்குவதும், எல்லைக் கோட்டுக்குச் சுண்ணாம்பு இடுவதும், வண்டிக் கூலி கொடுப்பதும் அவர்தம் சந்தாப் பணத்தினாலேயே நடைபெறும். இவ்வாறு ஊதியங் கருதாது ஆடுவோரின் கூட்டத்தையே அமெச்சூர் கழகம் என்று வழங்குவர்.

இத்தகைய கழகம் ஒன்று வேற்றூருக்கு ஆடச் செல்வது, ஊதியம் பெறும் அணி செல்வதினின்றும் வேறுபட்டது. ஊதியம் பெறுவோர்க்கு ஆட்டமே தொழில். ஆடி முடிந்ததும் அடுத்த ஊரை நோக்கிப் புறப்பட்டுவிடுவர். அமெச்சூர் கழகத்தார்க்கோ அதுவே ஓய்வு நாள். ஆட்டம் 90 நிமிடங்களில் முடிந்துவிடும். பயணமோ ஒரு நாள் முழுவதையும் கொள்ளும். எஞ்சிய பொழுதை எவ்வாறு கழிப்பது என்னும் கேள்வியிலிருந்தே ஆட்டத்தோடு ஊர் காணலும் சேர்ந்துகொண்டது. காலையிலே கோயிலையோ பழைய சின்னத்தையோ பார்ப்பது, மாலையிலே ஆடுவது, இரவில் விருந்தளித்த ஊராரோடு உண்டு பாடித் திரும்புவது என்னும் ஒழுங்கு பல நாடுகளில் உண்டு. அதன் பயன் யாது என்பதற்கு உலக வரலாற்றிலே நல்ல சான்றுகள் உள்ளன.

உதைபந்தாட்டத்துக்கான பொதுவிதிகள் 1863 ஆம் ஆண்டில் இலண்டனில் வகுக்கப்பட்டன. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1882 இல், அதே நகரில் கொறிந்தியன் என்னும் அமெச்சூர் கழகம் தோன்றிற்று. அக்கழகத்தார் 1897 இல் கப்பலேறித் தென்னாபிரிக்காவுக்குச் சென்றனர். 1910 இல் பிரேசில் நாட்டுக்கும் சென்றனர். சான் பவுலோ நகரிலே அவர்கள் ஆட்டத்தைக் கண்டு மகிழ்ந்த புகையிரதத் தொழிலாளர் சிலர், தாங்கள் அவ்வாண்டிலேயே தொடங்கிய கழகத்துக்கு வந்தவர்களின் பெயரையே சூட்டினர். இன்று பிரேசிலின் பெருங்கழகங்களுள் ஒன்றாக அது விளங்குகிறது. அந்தச் சுற்றுப்பயணத்தில் யார் எத்தனை கோல் அடித்தார் என்பதை நினைவில் வைத்திருப்போர் மிகச் சிலரே. வந்து போனவர்களின் பெயர் மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்து நிற்கின்றது.

கொறிந்தியன் கழகத்தார் கல்வியும் செல்வமும் படைத்தவர்கள். உழைத்துண்ணும் மக்களின் ஊர்களிலே இக்கழகங்கள் எவ்வாறிருந்தன என்பதை அறிய அயர்லாந்தை நோக்குதல் வேண்டும். அது இலங்கையைக் காட்டிலும் சற்றே பெரிய தீவு. அதன் வடபாலுள்ள ஆர்மா மாவட்டத்தில் மில்போர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. லினன் துணி நெய்யும் ஆலையொன்றைச் சுற்றி அவ்வூர் எழுந்தது. ஆலையும் முதலாளியுடையது, தொழிலாளர் குடியிருந்த வீடுகளும் முதலாளி கட்டியவை. மலைநாட்டுத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. அவ்வூர்க் கழகத்தின் கோல் காப்பாளர் வில்லியம் மெக்ரம் என்பவர். ஆலை முதலாளியின் மகன். 1890-91 ஆம் ஆண்டுப் பருவத்தில் அயர்லாந்தின் முதலாவது லீக் போட்டி நடந்தபோது மில்போர்ட் அணி 14 ஆட்டங்கள் ஆடி, 14 இலும் தோற்றது. எதிரணிகள் அதற்கு அடித்த கோல்கள் 62. அது அடித்தவை 10.

இவ்வளவு தோல்வி கண்ட அந்தச் சிற்றூரிலிருந்துதான் உலகெங்கும் இன்று வழங்கும் ஒரு விதி பிறந்தது. கோல் விழும் தருணத்தில் எதிரியைக் காலை வாரிவிட்டாலும் அக்காலத்தில் சாதாரண உதை ஒன்றே தண்டனையாகக் கிடைக்கும். ஆதலின் வேண்டுமென்றே எதிரியை வீழ்த்துவோர் பெருகினர். கோல் கம்பங்களிடையே நின்று இதனைக் கண்ட மெக்ரம், அத்தகைய குற்றத்துக்குக் காப்பாளர் ஒருவரை மட்டும் எதிர்நிறுத்தி உதைக்கும் உரிமை வேண்டும் என்று யோசனை கூறினார். அயர்லாந்து உதைபந்தாட்டச் சங்கம் 1890 இல் அதனைச் சர்வதேச விதிச் சபையின் முன் வைத்தது. கனவான்கள் வேண்டுமென்று குற்றஞ் செய்வரோ என்று பலர் எள்ளி நகையாடினர். எனினும் 1891 ஆம் ஆண்டு யூன் மாதம் 2 ஆந் திகதி அது விதியாயிற்று. அதுவே தண்ட உதை. கொறிந்தியன் கழகத்தார் இவ்விதியைத் தம் மானத்துக்கு இழுக்கெனக் கருதி, தமக்குக் கிடைத்த தண்ட உதையை வேண்டுமென்றே வெளியே அடிப்பர் என்றும் சொல்லப்படுகிறது. மேன்மக்கள் தம் பெருமையைக் காத்தனர். ஆலை ஊரின் கழகமோ ஆட்டத்தின் நீதியைக் காத்தது.

அயர்லாந்து தரும் இரண்டாவது பாடம் பண்பாடு பற்றியது. ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் அந்நாட்டின் சொந்த விளையாட்டுகள் மறைந்துவிடும் என்று அஞ்சிய மைக்கல் கியூசக் என்னும் ஆசிரியரும் அவர் நண்பர்களும் 1884 ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி தேர்லஸ் என்னும் ஊரிற் கூடி, கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நிறுவினர். கையாலும் காலாலும் பந்தை ஆடும் கேலிக் உதைபந்தாட்டத்துக்கு அணியொன்றுக்கு 15 பேர். ஒவ்வொரு கழகமும் ஒரு கோயிற்பற்றை அடியாகக் கொண்டது. பல்லாயிரவர் திரண்டு பார்க்கும் இறுதி ஆட்டத்திலே ஆடுவோர்க்கும் சம்பளம் இல்லை. மறுநாட் காலை அவர்கள் வயலுக்கும் அலுவலகத்துக்கும் திரும்புவர். அச்சங்கம் 1969 முதல் தன் கழகங்களுக்கிடையே பாட்டு, நடனம், வாத்தியம், கதை சொல்லல் ஆகியவற்றிலும் போட்டி நடத்தி வருகின்றது. பந்தடிப்பவன் பாடவும் அறிந்திருத்தல் வேண்டும் என்பதன்று இதன் கருத்து. பந்தடிக்கும் ஊரே பாடும் ஊராகவும் இருத்தல் வேண்டும் என்பதாம்.

இவ்விரு பாடங்களும் மாத்தளைக்குப் பொருந்துமா என்று இனி நோக்கலாம்.

இலங்கைக்கு உதைபந்தாட்டத்தைக் கொணர்ந்தவர் ஆங்கிலேயர். நாடளாவிய சங்கம் 1939 இல் அமைக்கப்பட்டது. 1952 இல் அது உலக உதைபந்தாட்டச் சம்மேளனத்தில் அங்கத்துவம் பெற்றது. ஆனால் தோட்டத்துச் சிறுவன் பந்தை முதன்முதலாகக் கண்ட இடம் பெரும்பாலும் பிரட்டுக்களமேயாம். காலையிற் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் அந்த முற்றமே மாலையில் மைதானமாயிற்று. இதற்குக் காரணம் எளிது. முழு அளவான ஆடுகளத்துக்கு 90 மீற்றருக்குக் குறையாத நீளமும் 45 மீற்றருக்குக் குறையாத அகலமும் உள்ள சமநிலம் வேண்டும். இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்து மலைச்சரிவுகளிலே அத்தகைய நிலம் கிடைப்பதரிது. கிடைத்தாலும் அதிலே தேயிலையோ மிளகோ றப்பரோ நின்றுகொண்டிருக்கும். ஆகவே சிறு களத்திலே அணிக்கு எழுவர், அணிக்கு ஐவர் என்று ஆடும் முறை இங்கே இயல்பாகப் பொருந்துகின்றது. சிறு களத்தில் ஆடிப் பழகியவன் குறுகிய இடத்திலே பந்தைக் காலோடு வைத்திருப்பதிற் கெட்டிக்காரனாவான். பெரிய மைதானத்தில் இறங்கும்போதோ நீண்ட உதைகளுக்கு ஓடிக் களைத்துப்போவான். தோட்டத்து அணிகள் நகரத்து மைதானங்களுக்குச் சென்று ஆட வேண்டியதன் முதற்காரணம் இதுவே.

இனி, மாத்தளைக்கு ஆட வரும் அணி காணத்தக்கவை யாவை? கண்டியிலிருந்து வடக்கே 26 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இந்நகர், 1880 இல் வந்த புகையிரதப் பாதையின் முடிவிடம். நகரினுள்ளே ஸ்ரீ முத்துமாரியம்மன் கோயில் இருக்கின்றது. மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் வீதியுலா வரும் காட்சியைக் காண எல்லாச் சமயத்தவரும் கூடுவர். வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் சென்றால் அலுவிகாரை. அதுகாறும் வாய்மொழியாகவே ஓதப்பட்டுவந்த பௌத்த திரிபிடகம், வட்டகாமினி அபயன் என்னும் அரசன் காலத்தில், கிறித்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது. பஞ்சமும் போரும் வந்து, மனனஞ் செய்தோர் மாண்டுபோனால் நூலும் மாண்டுபோகுமே என்ற அச்சமே அவ்வெழுத்துக்குக் காரணம். 1848 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏடுகள் பல அழிந்தன. எனினும் பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதும் முறையை இன்றும் அங்கே காணலாம்.

மேலும் வடக்கே சென்றால் நாலந்தா. அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில் பல்லவர் பாணியைத் தழுவியது. பௌத்தமும் தென்னிந்தியச் சிற்பக்கலையும் ஒரே கட்டடத்திலே கலந்து நிற்பது. போவத்தன்னை நீர்த்தேக்கத்தில் அமிழ்ந்துவிடாதவாறு 1970 களில் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, 1980 ஆம் ஆண்டளவில் உயர்ந்த இடத்தில் மீண்டும் அடுக்கினர். அதற்கும் அப்பால் தம்புள்ளைக் குகைக்கோயில். அதற்கு அணித்தாய்ச் சிகிரியாக் குன்று. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரிலே, பழங்காலத்தில் அதனைப் பார்க்க வந்தோர் தம் வியப்பைப் பாட்டாகக் கீறிச் சென்றனர். பேராசிரியர் பரணவிதான அவற்றுள் 685 பாடல்களைப் படித்து 1956 இல் நூலாக வெளியிட்டார். அரசனின் அரண்மனை இடிந்து போயிற்று. பார்க்க வந்தவர்களின் சொல் எஞ்சி நிற்கிறது.

தோட்டத்து இளைஞர் அணியொன்று மாத்தளையிலிருந்து வாடகைப் பஸ்ஸில் ஏறித் தம்புள்ளைக்கு ஆடச் செல்லுமாயின், அப்பாதையைப் பற்றி அவ்விளைஞர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து புறப்பட்டோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா ஆகியவற்றைக் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாகவே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே விழுந்தோர் எண்ணிறந்தோர். தலைமன்னாருக்குப் புகையிரதமும் அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பலும் ஓடத் தொடங்கிய ஆண்டு 1914. பாட்டனுக்குப் பாட்டன் தெற்கு நோக்கி நடந்த வழியிலேதான் பேரன் பந்தோடு வடக்கு நோக்கிச் செல்கிறான். இதனைச் சொல்லிக் கொடுக்கும் பாடசாலைப் புத்தகம் அவன் கையிற் கிடைக்காமற் போகலாம். பஸ்ஸில் முன் ஆசனத்தில் அமர்ந்திருக்கும் மூத்த ஆட்டக்காரர் ஒருவர் சொன்னாற் போதும்.

அதே வழியில் மறுபடியும் ஒரு பயணம் நிகழ்ந்தது. 1948 இல் வந்த பிரசாவுரிமைச் சட்டத்தினால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் அது கூறிற்று. 1984 இல் கப்பற் போக்குவரத்து நின்றுபோகும் வரையில் மலைநாட்டுக் குடும்பங்கள் பெட்டி படுக்கையோடு தலைமன்னார் சென்றவண்ணமிருந்தன. ஒரு லயத்திலிருந்து இரண்டு குடும்பம் போனால் ஓர் அணியிலே மூன்று இடம் வெறிதாகும். நடுக்களத்தில் ஆடியவன் திருச்சியிலும் காப்பாளன் நீலகிரியிலும் இருந்தால், எஞ்சியோர் எவ்வாறு ஆடுவர்? ஓர் அணியின் கதை ஒரு சமூகத்தின் கதையாவது இங்ஙனமே.

ஆயினும் ஆட்டம் நின்றுவிடவில்லை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் இம்மாவட்டத்திலே பந்துக்குத் தனி மொழி கிடையாது. ஓர் ஊர் அணி மற்றோர் ஊர் அணியை ஆட்டத்துக்கு அழைக்கும்போது, மாலையில் மைதானத்தை மட்டும் காட்டாது, காலையிலே தன் ஊரையும் காட்டுமாயின், அழைப்பு முழுமை பெறும். முத்துமாரியம்மன் கோயிலைத் தமிழ் இளைஞரும் அலுவிகாரையைச் சிங்கள இளைஞரும் எதிரணியார்க்குக் காட்டட்டும். மாலையில் மத்தியஸ்தரின் தீர்ப்பொன்று கசப்பை விளைவித்தாலும், காலையில் ஒன்றாகப் படியேறியவர்கள் அதைப் பெரும் பகையாக்கிக்கொள்வது அரிது.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் முன்னதாகப் பஸ் புறப்படுதல் வேண்டும். உணவுப் பொதி ஒன்று கூடுதலாக வேண்டும். விவரஞ் சொல்ல அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வேண்டும். இன்னொன்றும் வேண்டும். கழகச் செயலாளரின் பதிவேட்டிலே பொதுவாக எதிரணியின் பெயரும் கோல் கணக்குமே இருக்கும். அதன் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடமுண்டு. யார் யார் ஆடினர், எந்த ஊரில் எதனைப் பார்த்தனர், யார் வீட்டில் உண்டனர் என்று அவ்விரண்டு வரியையும் எழுதி வைப்பாராயின், ஆடியவர்கள் எங்கே சிதறிப் போனாலும் அந்தக் கழகம் இருந்ததென்பதற்கு அதுவே ஏடாகும். எழுதி வைக்காதது அழிந்துபோகும் என்பதை, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்த மாவட்டம் அது.