சுட்டியைத் தேடாமல் கணினியைத் திறப்போம்: விசைப்பலகைத் திறப்பி – தொடக்கநிலைக் குறிப்புகள்



நம் ஸ்கூடாய் வளாகத்தில் பெரும்பாலோர் பொறியியலும் கணினியியலும் அறிவியலும் படிப்பவர்கள். தமிழில் பட்டம் பெற வந்தவர்கள் அல்லர். ஆயினும் கழகத்தின் அழைப்பிதழ், கலை இரவு நிகழ்ச்சி நிரல், சொற்போர் விதிமுறை, இந்த ஆண்டிதழ் என அனைத்தையும் விரிவுரைக்கும் இடுபணிக்கும் இடையே மாணவர்களாகிய நாமே தட்டச்சு செய்கிறோம். இந்தப் பணி ஒவ்வோர் ஆண்டும் இருவர் மூவரின் தலையிலேயே விழுவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றதும் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது எவருக்கும் தெரிவதில்லை. புதிய செயற்குழு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இதற்கு நம்மிடம் ஆர்வம் குறைவு என்பது காரணமன்று. கருவியைக் கையாளும் பழக்கம்தான் குறைவு. அந்தப் பழக்கத்தில் ஒரு பகுதியை, கணினியை விசைப்பலகையாலேயே திறந்து இயக்கும் முறையை, இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன். இதற்குக் கணினித் துறை அறிவு தேவையில்லை.

திறப்பி என்றால் என்ன?

ஒரு செயலியையோ கோப்பையோ திறக்க நாம் வழக்கமாகச் சுட்டியை நகர்த்திக் கோப்புறைக்குள் கோப்புறையாகச் சென்று இருமுறை சொடுக்குகிறோம். அதற்குப் பதிலாக ஒரு விசைக்கூட்டை அழுத்தினால் திரையின் நடுவே சிறிய பெட்டி ஒன்று தோன்றும். அதில் பெயரின் முதல் இரண்டு மூன்று எழுத்துகளைத் தட்டினால் பொருத்தமானவை பட்டியலாக வரும். என்டர் விசையை அழுத்தினால் வேண்டியது திறக்கும். இப்பணியைச் செய்யும் செயலியை லாஞ்சர் என்கிறார்கள். தமிழில் ‘திறப்பி’ என்று அழைப்போம்.

இது புதுமையானதன்று. கணினியின் தொடக்கக் காலத்தில் கட்டளைகளைத் தட்டச்சு செய்வதே வழக்கம். டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சுட்டியைப் பொதுமேடையில் இயக்கிக் காட்டினார். 1984இல் வந்த மெக்கின்தாஷ் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. பின்னர் கணினியில் கோப்புகள் ஆயிரக்கணக்கில் பெருகவே, படக்குறிகளுக்கு நடுவே தேடுவதே பெரும் வேலையாயிற்று. அப்போது விசைப்பலகை மீண்டும் முன்னுக்கு வந்தது. மேக் கணினிக்கு 2003இல் குவிக்சில்வர் வந்தது. 2005இல் ஆப்பிள் நிறுவனமே ஸ்பாட்லைட் தேடலைத் தன் இயங்குதளத்தில் சேர்த்தது. 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் தொடக்கப் பட்டியலில் தேடல் பெட்டி இடம்பெற்றது. ஆல்ஃபிரட் 2010இலும், மைக்ரோசாப்டின் பவர்டாய்ஸ் ரன் 2020இலும் வந்தன.

இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரே முறையில் இயங்குகின்றன. நூலின் இறுதியில் சொல்லடைவு இருப்பதுபோல, கணினி தன்னிடமுள்ள கோப்புகளின் பெயர்களையும், பல வேளைகளில் அவற்றின் உள்ளடக்கத்தையும் முன்கூட்டியே அடைவாக்கி வைத்துக்கொள்கிறது. நாம் தட்டும்போது வட்டு முழுவதையும் அது புரட்டுவதில்லை. அடைவை மட்டும் பார்க்கிறது. ஆகவேதான் விடை உடனே வருகிறது. அடைவில் இடம்பெறாத கோப்பு பெட்டியில் தோன்றாது என்பதையும் இங்கேயே நினைவில் கொள்ளுங்கள்.

தொடக்கநிலைக் குறிப்புகள்

1. இருப்பதைக் கொண்டு தொடங்குங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையை ஒருமுறை அழுத்திவிட்டு நேரே தட்டலாம். மேக்கில் கட்டளை விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஸ்பாட்லைட் வரும். எதையும் நிறுவ அனுமதியில்லாத ஆய்வுக்கூடக் கணினியிலும் இம்முறை பயன்படும்.

2. பழகிய பின் தனிச் செயலிக்கு மாறுங்கள். விண்டோஸ் பயனர்களுக்கு பவர்டாய்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவிய பின் ஆல்ட் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்து பெட்டியைத் திறக்கும். வேறு விசைக்கூட்டு வேண்டுமெனில் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம்.

3. முழுப் பெயரைத் தட்டாதீர்கள். இரண்டு எழுத்திலேயே பட்டியலைப் பாருங்கள். வேண்டியது இரண்டாவதாக இருந்தால் கீழ்நோக்கு அம்புக்குறியை அழுத்தித் தேர்ந்தெடுங்கள். திறப்பிகள் பல, நாம் அடிக்கடி தேர்ந்தெடுப்பதை மேலே கொண்டுவரும். சில நாள் பொறுத்தால் அது உங்கள் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்.

4. முன்குறிகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பவர்டாய்ஸ் ரன்னில் கேள்விக்குறியுடன் தொடங்கினால் கோப்புகளை மட்டும் தேடும். சமக்குறியுடன் தொடங்கினால் கணக்கிடும். இதழின் ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 18 ரிங்கிட், வேண்டியவை 240 பிரதிகள் என்றால், அப்பெட்டியிலேயே பெருக்கி 4,320 ரிங்கிட் என்று கண்டுகொள்ளலாம். ஸ்பாட்லைட்டில் முன்குறி இல்லாமலே கணக்கிடலாம்.

5. ஒரு வாரம் மட்டும் விடாப்பிடியாக இருங்கள். முகப்புத் திரையிலுள்ள குறுக்குவழிப் படக்குறிகளை ஒரு கோப்புறைக்குள் போட்டு மூடிவிடுங்கள். முதல் இரண்டு நாள் சுட்டியே விரைவு என்று தோன்றும். அதன்பின் விரல்களே வழியைக் கண்டுகொள்ளும்.

தமிழ்ப் பயனருக்கு வரும் சிக்கல்

பொதுவான வழிகாட்டிகள் சொல்லாத ஒன்று நமக்கு உண்டு. தமிழில் கட்டுரை தட்டிக்கொண்டிருக்கும்போது திறப்பியை அழைத்து ஆங்கிலப் பெயருள்ள செயலியைத் தேடினால், பெட்டியில் தொடர்பில்லாத தமிழ் எழுத்துகள் விழும், செயலி தோன்றாது. பலர் இந்த இடத்தில்தான் சலித்துப்போய்ச் சுட்டிக்குத் திரும்புகிறார்கள்.

தீர்வு எளிது. விண்டோஸில் விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்ந்தால் உள்ளீட்டு மொழி மாறும். மேக்கில் கன்ட்ரோல் விசையும் இடைவெளி விசையும். திறப்பிக்கு ஒரு கூட்டு, மொழிக்கு ஒரு கூட்டு. இவ்விரண்டையும் ஒரே நாளில் சேர்த்துப் பழகிவிட வேண்டும். ஆல்ஃபிரட் செயலியில், எந்த மொழியில் இருந்தாலும் குறிப்பிட்ட ஒரு விசைப்பலகையோடுதான் பெட்டி திறக்கவேண்டும் என்று அமைத்துவிடவும் வழியுண்டு.

அடுத்தது தமிழ் விசைப்பலகை. இதில் மலேசியராகிய நமக்குப் பெருமைக்குரிய வரலாறு இருக்கிறது. நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். அதன் வழிவந்த முரசு அஞ்சல் உலகத் தமிழரிடையே பரவியது. கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்த அவரது செல்லினம் 2005இல் வெளிவந்தது. ஆப்பிள் கணினிகளிலுள்ள இணைமதி எழுத்துருவும் அவர் ஆக்கமே. 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது என்பதையும் இளையோர் அறிந்திருக்க வேண்டும்.

ஆங்கில ஒலிப்புப்படி தட்டும் அஞ்சல் முறை தொடங்குவதற்கு எளிது. தமிழ்99 முறையோ தமிழுக்கென்றே வகுக்கப்பட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. க, ப, ம, த ஆகியவை வலக்கை விரல்கள் இயல்பாக ஓய்வெடுக்கும் நடுவரிசையிலேயே இருக்கின்றன. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், அஞ்சலில் ஐந்து. ‘ந்த’, ‘ங்க’, ‘ம்ப’ போன்ற இன எழுத்து இணைகளுக்கும் புள்ளி தானாகவே வரும். இலக்கண வகுப்பில் படித்த இனவெழுத்து இங்கே நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மேக்கில் அஞ்சல், தமிழ்99 இரண்டும் உடன் வருகின்றன. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டிலிருந்து தமிழ்99 கிடைக்கிறது. மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தபின், அதன் விருப்பங்களில் தமிழ்99ஐத் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறுமனே ‘தமிழ்’ என்று இருப்பது இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் முறையாகும். ‘விசை மாறிவிட்டது’ என்று புதியவர்கள் திகைப்பது இதனால்தான்.

தமிழில் பெயரிடுவோம், தமிழில் தேடுவோம்

கட்டுரை தமிழில் இருந்தாலும் கோப்பின் பெயரை ஆங்கிலத்தில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் லேட்டஸ்ட்’ என்று வைக்கிறோம். ஆறு மாதத்தில் அது எதன் இறுதி என்பது நமக்கே புரியாது. ஆண்டும் நிகழ்ச்சியும் பொருளும் வரும்படி, ‘2024-பொங்கல்-நிகழ்ச்சி நிரல்’ என்று தமிழிலேயே பெயரிடுங்கள். இக்காலத் திறப்பிகள் ஒருங்குறித் தமிழை நன்றாகவே கண்டுகொள்கின்றன. சொற்களை அடிக்கோட்டால் இணைக்க வேண்டா. சில தேடல்கள் முழுவதையும் ஒரே சொல்லாக எண்ணிவிடும்.

தேடும்போது இன்னொரு நுட்பம் உண்டு: ஈற்றுப் புள்ளியைத் தட்டாதீர்கள். ‘பொங்கல்’ என்று முழுதாகத் தட்டினால் ‘பொங்கலுக்கு’, ‘பொங்கலின்’ என்பவை விடுபடக்கூடும். ‘பொங்கல’ என்று நிறுத்தினால் பெரும்பாலும் எல்லாம் வரும். ஒருங்குறியில் ‘ல்’ என்பது ‘ல’வும் புள்ளியும் சேர்ந்தது, ‘லு’ என்பது ‘ல’வும் உகரக் குறியும் சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவானது ‘ல’ மட்டுமே. அதேபோல் ‘மரம்’ வேற்றுமை ஏற்கும்போது ‘மரத்தில்’ என்றாவதால் ‘மர’ என்று தேடுவதே நல்லது.

எழுத்துப்பிழையும் தேடலைக் கெடுக்கும். ‘மௌனம்’ என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் குறியையும் ‘ள’வையும் தட்டுவோர் பலர். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கணினிக்கு அவை வேறு சொற்கள்.

பழைய கோப்புகளை மீட்போம்

யூனிகோட் எனும் ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் அது நம் கணினிகளில் பரவலாக ஆண்டுகள் பல ஆயின. அதற்கு முன்னர் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தது. அக்கோப்புகளில் சேமிக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற குறிகளாகத் தெரியும். எத்துணை விரைவான திறப்பியாலும் அவற்றுள் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

கழகங்களின் பழைய இதழ்கள் பல இந்நிலையில்தான் குறுவட்டுகளில் கிடக்கின்றன. அவற்றை மாற்ற வழி உண்டு. முதலில் மூலக்கோப்பைத் தொடாமல் ஒரு படி எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பயன்பட்ட எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அது தஸ்கி வகையா, டாப் வகையா, பாமினி வகையா என்று உறுதிசெய்யுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் அந்தக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பின்னர் ஒருவர் கட்டாயம் படித்துச் சரிபார்க்க வேண்டும். இடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மேற்கோள் குறிகளும் தமிழாகச் சிதைந்திருக்கும்.

பிடிஎஃப் மட்டும் இருந்தால் போதும் என்று எண்ண வேண்டா. அதிலுள்ள தமிழ் திரையில் அழகாகத் தெரிந்தாலும், படியெடுத்தால் எழுத்து வரிசை குலைந்து வருவதுண்டு, தேடலும் பொய்க்கும். அச்சுக்கு அனுப்பிய பிடிஎஃபோடு, தட்டச்சு செய்த மூலக்கோப்பையும் சேர்த்தே அடுத்த செயற்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

நிறைவாக

இந்த வாரமே மூன்று செயல்களைச் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். திறப்பியின் விசைக்கூட்டைப் பழகுங்கள். தமிழ்99ஐ நாளுக்குப் பதினைந்து நிமிடம் பயிலுங்கள். உங்கள் கணினியிலுள்ள கழகக் கோப்புகளுள் பத்துக்குத் தமிழில் பெயர் சூட்டுங்கள். முன்னாள் மாணவர்கள் தங்கள் வீட்டிலுள்ள பழைய குறுவட்டுகளைத் தூக்கி எறியாமல் கழகத்திடம் சேர்ப்பித்தால், அவற்றை ஒருங்குறிக்கு மாற்ற இளையோர் கைகொடுப்பர். முதலாமாண்டு மாணவர் ஒருவர் நான்கு எழுத்தைத் தட்டியதும், அவருக்கு முன் இங்கே படித்தவர்கள் எழுதியவை திரையில் வந்து நிற்கவேண்டும். அதற்குரிய கருவி நம் கைகளிலேயே இருக்கிறது, பழகிக்கொள்வோம்.