'வருத்தம்' என்ற சொல்லும் மூன்று ஆய்வுத் துறைகளும்

கலாநிதிப் பட்ட ஆய்வுகள் என்றதும் மருத்துவம், மொழி, பொறியியல் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்பதே நமது வழக்கம். பல்கலைக்கழகப் பீடங்களும் அப்படித்தான் பிரிந்திருக்கின்றன. ஆனால் ஆஸ்பத்திரியில் டொக்டருக்கு முன்னால் இருக்கும் நோயாளியிடம் இம்மூன்றும் ஒன்றாகவே வந்து சேருகின்றன. ஒரு சொல்லை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

"உம்மாவுக்கு வருத்தம்" என்றால் நமக்கு அது நோய். தமிழ்நாட்டில் அதே சொல் மனக்கவலையைக் குறிக்கும். "புள்ளைக்குத் தடிமன்" என்றால் நமக்குச் சளி. அங்கே தடிமன் என்பது ஒரு பொருளின் கனம்.

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் பீஎச்கியூ-9 என்ற வினாக்கொத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளிகள். ஆகக் கூடியது 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலதிகமாகப் பரிசோதிக்க வேண்டும் என்பர். இதிலுள்ள கேள்வியொன்றை "வருத்தமாக இருக்கிறீர்களா?" என்று எழுதி நமது கிழக்கிலங்கைக் கிராமமொன்றில் கேட்டால், "இல்ல மகன், ஒரு வருத்தமும் இல்ல, காய்ச்சல்கூட இல்ல" என்ற பதில் வரக்கூடும். புள்ளி பூச்சியம். மனம் உடைந்திருப்பவரும் சுகதேகியாகப் பதியப்படுவார்.

இதனால்தான் இத்தகைய ஆய்வுகளில் ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றுகிறார். இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். ஆனால் அந்த இருவரும் ஒரே வழக்கைப் பேசுபவர்களாக இருந்தால் இந்தப் பிழை பிடிபடாது. ஆகவே ஊர் மக்கள் சிலரிடம் வினாவை வாசித்துக்காட்டி, "இதுல நீங்க என்ன விளங்கினீங்க?" என்று கேட்பதும் அவசியம். மொழியியல் இங்கேதான் மருத்துவத்துக்குக் கை கொடுக்கிறது.

பொறியியலிலும் இதே சிக்கல்தான். மொழிபெயர்ப்புப் பொறி தனக்குக் கொடுக்கப்பட்ட வாக்கியங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறது. கணினியில் கிடைக்கும் தமிழில் பெரும்பகுதி இந்தியாவில் எழுதப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அரச ஆவணங்களுக்கென சிங்கள-தமிழ் மொழிபெயர்ப்பு முறைமையொன்றை உருவாக்கியிருக்கிறார்கள். பெறுமதியான வேலை அது. ஆனாலும் சுற்றறிக்கைத் தமிழ் வேறு, வாட்டில் பேசும் தமிழ் வேறு. தமிழ் தெரியாத டொக்டர் ஒருவர் நோயாளியின் பேச்சைப் போனில் மொழிபெயர்த்துப் பார்க்கும்போது, "மேலுக்கு ஏலா" என்பதைப் பொறி அறிந்திருக்காவிட்டால் பாதிக்கப்படுவது நோயாளிதான்.

சுகாதாரத் துறையில் கள ஆய்வு செய்யும் நமது பிள்ளைகள் ஒரு காரியம் செய்யலாம். நோயாளிகள் சொன்ன சொற்களை, ஊர், பொருள், முழு வாக்கியம் என்பவற்றோடு ஆய்வேட்டின் பின்னிணைப்பாகச் சேர்க்கலாம். நோயாளியின் பெயர் அதில் தேவையில்லை. அகராதி தொகுப்பவருக்கும் பொறி செய்பவருக்கும் அது உதவும். பட்டம் கிடைத்த பிறகு ஆய்வேடு நூலக அலுமாரியில் தூங்கினாலும், அந்தப் பட்டியல் வெளியே வந்து வேலை செய்யும்.